ஒயரின் மறுமுனை

சிலோயே தீவில் மழை பெய்வது செய்தியல்ல,
நின்றால்தான் செய்தி.
இன்று பத்து மணிக்கு நின்றது.

மேற்குச் சுவரில்
நான்கு குளிர்காலமாகச் செதிள் செதிளாய்ப்
பிய்ந்து கிடக்கின்றன பலகைகள்.
அடுத்த மழைக்குள் முடிகிற மட்டும் முடியட்டும் என்று
வட்ட ரம்பத்தை எடுத்தேன்.

எடுத்ததும் ஓட்டுகிறவள் இல்லை நான்.
ஒயரை முழம் முழமாகத் தடவிப் பார்ப்பேன்,
தோல் வெடித்துச் செம்பு எங்காவது
பல்லைக் காட்டுகிறதா என்று.
போன மாதம் காட்டியது.
"டேப் சுற்றினால் தீர்ந்தது" என்றான் கொழுந்தன் நோல்பெர்த்தோ.
வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் வாங்கினேன்.
அன்றிலிருந்து துறைமுகம் வரைக்கும்
என் பெயர் நீண்டுவிட்டது:
பயந்தாங்கொள்ளி எர்மிந்தா.

பயம்தான்.
மறைக்க நேரமில்லை, வேலை கிடக்கிறது.

அக்கா சோய்லா பின்னித் தந்த
சாம்பல் நிறக் கையுறை ஒன்று இருந்தது.
குளிருக்கு அதைப் போட்டுக்கொண்டுதான்
துளை போட்டேன் ஒருநாள்.
ஒரே ஓர் இழை
டிரில்லின் நுனியில் சுற்றிக்கொண்டது.
அக்கா மூன்று இரவு பின்னியதை
அது ஒரு நொடியில் பிரித்தது.
பிரித்த வேகத்தில்
விரலையும் பின்னலென்றே நினைத்துவிட்டது.
இப்போதெல்லாம் என் சுண்டுவிரல்
மழையை முதல்நாளே சொல்லிவிடும்.
(இந்த ஊரில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.)

புல் ஈரம். முற்றத்தில் அறுப்பதில்லை.
கொட்டகைக்குள் காய்ந்த தரையில்தான் மேசை.
சுவரில் ஒரு சின்னப் பெட்டி:
மின்சாரம் வழிதவறி
ஆளின் உடம்புக்குள் இறங்கப் பார்த்தால்
கண்மூடித் திறப்பதற்குள் துண்டித்துவிடும்.
தினமும் காலையில் அதன் பொத்தானை அமுக்குவேன்.
டக்.
செத்துக் காட்டினால்தான்
உயிரோடிருக்கிறது என்று நம்புவேன்.

கண்ணாடி மாட்டிக்கொண்டேன்.
என் மூச்சே அதில் பனியாய்ப் படிந்தது, துடைத்தேன்.
கூந்தலைத் தொப்பிக்குள் திணித்தேன்.
பதினான்காவது பலகைவரை
ரம்பம் வெண்ணெய் வெட்டியது.
பதினைந்தாவதில் எவரோ எந்தக் காலத்திலோ
மறந்துபோன ஆணி.

பொத்தானை விட்டேன்.
விட்ட பிறகும் பல்சக்கரத்துக்குக்
கோபம் ஆறக் கொஞ்சம் நேரம் வேண்டும்.
கொடுத்தேன்.
பிளக்கைப் பிடுங்கி
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு
மழுங்கிய சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன்.

மாத்தேயும் வெந்நீர்க் குடுவையுமாக
நோல்பெர்த்தோ வந்தான் அப்போது.
ஓடாத ரம்பத்தைப் பார்த்தான்,
காலியான சாக்கெட்டைப் பார்த்தான்.
உதவி என்றால் அவனுக்கு உயிர்.
"பிளக் கழன்றிருக்கிறது, பொறு, நான் மாட்டுகிறேன்!"

மரத்தூளுக்குள் ஒயரைத் தேடிப் பிடித்து
நங்கூரக் கயிற்றை இழுப்பதுபோல்
கை மாற்றிக் கை மாற்றி வந்தான்.
மேசைக்காலைச் சுற்றினான்,
பெயின்ட் டப்பாவைத் தாண்டினான்,
குனிந்தபடியே வந்து
என் வயிற்றில் முட்டிக்கொண்டான்.

மறுமுனை என் பைக்குள்.

சிரிக்கத்தான் வாய் திறந்தான்.
அதற்குள் என் வலது கையைப் பார்த்துவிட்டான்:
நான்கு விரல்
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே,
புதுச் சக்கரத்தைப் பொருத்தியபடி.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு ஒயரைக் கீழே வைத்தான்,
தூங்கும் குழந்தையை வைப்பதுபோல.

மாத்தே ஆறியது. ஒருவரும் குடிக்கவில்லை.
மழைக்கு முன் இன்னும் மூன்று பலகை பாக்கி.
பிளக்கை நானே எடுத்து நானே மாட்டினேன்.
மறுமுனையைப் பிடிக்க அவன் வந்தான்.
வருமுன்
தொளதொளத்த கம்பளிச் சட்டையின் கைகளை
முழங்கைவரை மடித்துக்கொண்டான்.

நான் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.